இரண்டு துரும்பு

தூத்துக்குடி
17-2-1946

சண்முகத்தாய் மதினி அவர்களுக்கு,

பேச்சித்தாய் எழுதுவது. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன? என் அடுப்படியில், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் போட்டுவிட்டுப் போன விளக்குமாற்றால் நீங்கள் போட்டுவிட்டுப் போன வீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான் என்ன தப்புச் செய்தேன் மதினி? என் வெள்ளத்துரை அண்ணன் அபின் தின்கிறான், அவனோடு குடும்பம் நடத்த முடியாது என்று பொங்கல் கழிந்த கையோடு நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த அன்று வெந்நீர் போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் நான். பத்து நாள் கழித்து உங்கள் வீரபாகு பெரியப்பா நடுவீட்டில் நின்றுகொண்டு, "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த எடம். என் வீட்டுப் பொண்ணு அங்கன வாழ முடியலேன்னா, அவன் வீட்டுப் பொண்ணுக்கு இங்கன என்ன சோலி?" என்றார். எனக்குத் தாலி கட்டியவர், உங்கள் தளவாய் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தனமாரிக்கு அன்று காய்ச்சல். விட்டதும் அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பத்தொன்பது நாளாகவா காய்ச்சல் அடிக்கும்? எனக்கு இன்னும் பால் கட்டுகிறது. பக்கத்து வீட்டு இன்பமணி அக்காள் சொன்னாள் என்று மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருக்கிறேன். வலி குறையவில்லை.

பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் பெரியவர்கள் கூடுகிறார்களாம். என் அண்ணன் உங்கள் கையில் வைக்கோல் துரும்பைக் கொடுத்துவிட்டால் உங்கள் கல்யாணம் தீர்ந்துபோகும். அடுத்த நிமிஷமே என் கல்யாணத்துக்கும் துரும்பு கிள்ளுவார்கள். அதற்குள் நீங்கள் இங்கே திரும்பிவிட்டால் நானும் என் வீட்டுக்குத் திரும்பலாம். வாருங்கள் மதினி. உங்கள் காலில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அதையாவது ஒரு கார்டில் எழுதுங்கள்.

பேச்சித்தாய்


கீழப்பத்து
24-2-1946

ஏளா பேச்சி,

என்னளா இது, நீங்கள் வாங்கள் என்று! மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் சிலேட்டில் எச்சிலைத் துப்பி அழித்தவளுக்குத் திடீரென்று மரியாதை முளைத்துவிட்டதா? திட்டுவதானால் 'நீ' என்றே திட்டு. இந்த 'நீங்கள்'தான் எனக்கு வலிக்கிறது.

சந்தனமாரி சுகமாக இருக்கிறாள். காய்ச்சல் அந்த வாரமே விட்டது. கஞ்சி குடிக்கிறாள். முதல் மூன்று நாள் உன்னைத் தேடி அழுதாள், இப்போது அழுவதில்லை.

பெரியப்பாவிடம் நான் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. "பேச்சி என்ன செஞ்சா, அவளை எதுக்கு விரட்டுதிய?" என்று கேட்டேன். "நீ ஒழுங்கா வாழ்ந்திருந்தா அவ ஏன் போறா?" என்று என் பக்கமே திருப்பிவிட்டார். தளவாய் அண்ணனோ, பெரியப்பா செருமினாலே எழுந்து நிற்கிற ஆள். உனக்குத் தெரியாததா?

ஆனால் வா என்று மட்டும் சொல்லாதே. ஆறு வருஷம் அந்த மனுஷனோடு இருந்தேன். அவர் என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் ஊர்க்காரர்களுக்காவது சொல்லிக் காட்டியிருப்பேன். கல்யாணப் பட்டுச் சேலையை விற்கத் தூக்கிக் கொண்டுபோனார், தண்ணீர் குடத்தைக் கொண்டுபோனார். கேட்டால் சிரிப்பார். கார்த்திகையில் எனக்கு இரண்டாவது முறையாக வயிற்றில் நின்றது கலைந்து, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தேன். மருத்துவச்சியைக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பினேன். போனவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். எதற்காகப் போனோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன் பேச்சி. என்னால் முடியாது.

சாராயம் குடித்துக்கொண்டிருந்தவர் அபினுக்கு எப்படி மாறினார் என்று பெரியப்பா கேட்டார். தெரியாது என்றேன். எப்படி என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

சண்முகம்


தூத்துக்குடி
5-3-1946

மதினி,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஆமாம், நான்தான் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "பாலில் கடுகளவு அபினைக் கரைத்துக் கொடு, சாராய நாட்டமே விட்டுப்போகும், செத்துப்போன உன் அம்மா உன் அப்பாவை அப்படித்தான் மாற்றினாளாம்" என்று எழுதினேன். அதில் கெடுதல் இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பல் முளைக்கும் பிள்ளைக்கே அதைத் தொட்டு நாக்கில் வைக்கிறார்களே என்று நினைத்தேன். அண்ணன் சாராயத்தை விட்டுவிட்டான் என்று நீ பதில் எழுதியபோது அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன், தெரியுமா?

அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறதா? பெரியப்பாவிடம் காட்டிவிட்டாயா? காட்டியிருந்தால் நான் இந்த ஜென்மத்தில் கீழப்பத்துக்குள் கால் வைக்க முடியாது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் நல்ல மனுஷன். "தங்கச்சி, காப்பி இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறான். மத்தியானம் சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் கரைக்கு வந்ததும் வேலைக்கு நிற்கிறான். ஒவ்வொரு சங்காக மரவளையத்தில் விட்டு அளக்க வேண்டும். வளையத்தில் விழுந்துவிடுகிற சின்னச் சங்கை மறுபடி கடலில் போட வேண்டும். அவனுக்குக் கை நடுங்கி, சங்கு வளையத்தில் 'டக டக' என்று அடிக்கிறது. கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற குளியாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களில் ரோச் என்று ஒருத்தர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து இவனுக்காக வளையத்தைப் பிடித்துக்கொள்கிறார். சோறு கொண்டுபோன நான் அதைப் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஆறே மாதம் வந்து இரு மதினி. அண்ணன் முகத்தைக்கூட நீ பார்க்க வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும். நான் என் வீட்டுக்குள் நுழைந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை முகம் எனக்கு மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பேச்சி


கீழப்பத்து
14-3-1946

பேச்சி,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. நீ எழுதியது கடுகளவு. அதை மிளகளவு ஆக்கியவள் நான். கடுகளவு கொடுத்தபோது அவர் சாராயம் குடிக்கவில்லை, ஆனால் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் கூட்டினேன். தூங்கினார். வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று நானும் தூங்கினேன் பேச்சி. அந்த அமைதிக்கு ஆசைப்பட்டுத் தினமும் கொடுத்தேன். ஒருநாள் பாலைக் கீழே வைத்துவிட்டு, "இதுல என்னவோ போடுதியே, இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு பாலுக்கு அவசியமில்லாமல் போய்விட்டது.

பங்குனிக்குள் வருவதைப் பற்றி யோசிக்கிறேன். சந்தனமாரிக்கு வயிற்றோட்டம். அது நிற்கட்டும்.

அவள் இப்போது நிறையப் பேசுகிறாள். கோழியைப் பார்த்து "போலே" என்று விரட்டுகிறாள். பெரியப்பாவைப் பார்த்தும் அதையே சொல்லிவிட்டாள். வீடே சிரித்தது, அவர் உட்பட.

சண்முகம்


தூத்துக்குடி
28-3-1946

மதினி,

நீ வராதே.

இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன வாரம் அண்ணனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினேன். நான்கு நாள் அபின் இல்லாமல் இருந்தால் விட்டுவிடும் என்று இன்பமணி அக்காள் சொன்னாள். முதல் நாள் கொட்டாவி, மூக்கில் தண்ணீர். இரண்டாம் நாள் வாந்தி, கால் இழுப்பு, சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் கதவிடுக்கில் வாயை வைத்து, "தங்கச்சி, ஒரே ஒரு கடுகு. நம்ம ஆத்தா மேல ஆணையா ஒரே ஒரு கடுகு" என்று அழுதான். எங்கள் அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

நான் முக்காடு போட்டுக்கொண்டு அபின் கடைக்கு நடந்தேன் மதினி. பகலில், இத்தனை பேர் பார்க்க. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துரை அண்ணாச்சி வீடா? எப்பவும் அவுக சம்சாரம்ல வருவாக. நீங்க யாரு?" என்றார்.

நீ இதை எழுதவே இல்லையே. எத்தனை நாள் இந்தத் தெருவில் இப்படி முக்காடு போட்டு நடந்திருப்பாய்? நான் ஒரு தடவை போய்விட்டு வந்து கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஆறு மாதம் வந்து இரு என்று உன்னிடம் கேட்டேனே, என் நாக்கில் சூடு போட வேண்டும்.

அண்ணனிடம் பேசிவிட்டேன். துரும்பு கொடுத்துவிடுகிறேன் என்றான். "அவ நல்லா இருக்கட்டும்" என்றான். கோபமே இல்லை. நீ வாங்கிக்கொள்.

என் துரும்பை மட்டும் தடுத்துவிடு. என்னை ஊருக்குள் விட மாட்டேன் என்கிறார்கள், எனக்காகப் பேச அங்கே உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? உன் அண்ணனிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார். பெரியப்பாவுக்கு அடுத்தபடி அவர் பயப்படுவது உனக்குத்தான்.

பேச்சி


கீழப்பத்து
9-4-1946

பேச்சி,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணன் சொல்லியிருப்பார் என்று ஒரு மனசு சொல்கிறது. சொல்லியிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ரோச் பஸ்ஸில் கூட்டிவந்தார். உன் அண்ணன் வெளுத்த சட்டை போட்டிருந்தார், நீதான் துவைத்துக் கொடுத்திருப்பாய். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. அபினைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தார். பெரியப்பா துரும்பைக் கிள்ளிக் கொடுக்க, அவர் என்னிடம் நீட்டினார். அது விரலில் நிற்காமல் கீழே விழுந்துவிட்டது. நானே குனிந்து எடுத்துக்கொண்டேன். "சண்முகம், நீ நல்லா இருப்பே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் அவர் தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுதானோ என்னவோ.

அப்புறம் பெரியப்பா இரண்டாவது துரும்பைக் கிள்ளித் தளவாய் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன், "அவ வரலியே" என்றான். "பொறந்தவன் வாங்கலாம், வழக்கந்தான்" என்றார் பெரியப்பா. அண்ணன் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு நீட்டினான். உன் அண்ணன், கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

முடிந்துவிட்டது பேச்சி. பிள்ளை தகப்பன் வீட்டுக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

சண்முகம்


தூத்துக்குடி
15-4-1946

சண்முகத்தாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அண்ணன் புறப்படும்போது வாசலில் வைத்து மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். "அண்ணே, ஒன் துரும்பைக் குடுத்துட்டு வா. என் துரும்பை மட்டும் வாங்கிராதே." தலையை ஆட்டினான். திரும்பி வந்ததும் எல்லாம் முடிஞ்சுது என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். உங்களுடையது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சட்டையை நனைக்கும்போது பையில் ஒரு வைக்கோல் துண்டு இருந்தது. பஸ்ஸில் ஒட்டியது என்று நினைத்து உதறிவிட்டேன். ஆறு வருஷக் கல்யாணத்தை நானே சாக்கடையில் உதறியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அவனை உலுக்கிக் கேட்டேன். "பெரியவுக முன்னால நீட்டினாக, வாங்கிட்டேன் தங்கச்சி" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடி வாங்கிக்கொள்கிறேன் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் பெரியப்பா பேசுகிறார், உங்கள் அண்ணன் பேசுகிறார், என் அண்ணன்கூடப் பேசுகிறான். நீங்கள் என்ன பேசினீர்கள்?

பேச்சித்தாய்


கீழப்பத்து
4-5-1946

பேச்சி,

நான் ஒன்றும் பேசவில்லை.

தளவாய் அண்ணன் துரும்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான். "குடுக்காதண்ணே" என்று சொல்ல வேண்டியதுதான். அதற்காகத்தான் அவன் பார்த்தான். எனக்குத் தெரியும். சந்தனமாரி அப்போது என் இடுப்பில் இருந்தாள். நீ திரும்பி வந்தால் இவள் என் இடுப்பிலிருந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னை அனுப்பிய அன்று, பிள்ளையை விட்டுவிட்டுப் போகட்டும் என்று சொன்னது பெரியப்பா இல்லை. நான். "காய்ச்சக்காரப் பிள்ளைய அபின்காரன் வீட்டுக்கா அனுப்புதிய?" என்று உள்ளிருந்து கேட்டேன். நியாயம் போலத்தான் இருந்தது. எனக்கும் நியாயம் என்றுதான் பட்டது. இரண்டு தடவை வயிற்றில் நின்றும் தங்காதவளுக்கு எதுதான் நியாயமாகப் படாது? அவள் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். "அத்தைன்னு சொல்லு" என்று இரண்டு நாள் திருத்தினேன். அப்புறம் விட்டுவிட்டேன். உன் அண்ணனுக்குப் பயந்து நான் அங்கே வராமல் இருந்தேன் என்று நீ நினைத்தாய். வயிற்றோட்டம் என்று எழுதினேனே, அது ஒரே நாளில் நின்றுவிட்டது.

நீ என்னைக் காறித் துப்பலாம். ஆனால் பிள்ளையை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட, தளவாய் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் பெரியப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். வருகிறவள் கையில் இவளைக் கொடுக்கவும் முடியாது, எனக்கென்று வைத்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "பெரியப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றான். "ஒன் தங்கச்சி, பிள்ளையத் தூக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லு" என்றேன். அப்புறம் பிள்ளையின் பாவாடைகளை அவனே மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தான். உன்னிடம் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு வா. நான் வீட்டுக்கு வர மாட்டேன். அப்படியே பாளையங்கோட்டை போகிறேன். நம் பள்ளிக்கூடத்து எஸ்றா வாத்தியார் அங்கே ஒரு விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். விலாசத்தைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன்.

சண்முகம்


தூத்துக்குடி
16-5-1946

மதினி,

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று நிறைய வைத்திருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி, பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல் நீ திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிப்போனாய். அவள் என் தோளைக் கடித்துக்கொண்டு, "அம்மா போறா, அம்மா போறா" என்று உன் பஸ்ஸைக் காட்டிக் கத்தினாள். பஸ் ஸ்டாண்டில் இருந்த ஜனங்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வைத்திருந்த திட்டெல்லாம் அங்கேயே போய்விட்டது.

உன் மேல் கோபம் வந்தால் எனக்கு என் மேலேயும் கோபம் வருகிறது. கடுகளவு என்று எழுதிய கைதானே இது. யாரை யார் கேட்பது?

பகலெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறாள். என்னை அத்தை என்கிறாள். அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் நீ கூட்டிவந்திருப்பாய். வேறு எப்படிச் சொல்வாய்? அண்ணனிடம் மட்டும் போகிறாள். அவன் சங்கை ஊதிக் காட்டினால் சிரிக்கிறாள். அவனும் இரண்டு நாளாக அளவைக் குறைத்திருக்கிறேன் என்கிறான். நான் நம்பவில்லை. ஆனாலும் சொல்கிறான்.

ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறாள் மதினி. ஆறு நாளாகக் கருப்பட்டித் தண்ணீரும் அண்ணன் கொடுக்கிற முறுக்கும்தான். சோற்றைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். பாலும் எனக்கு வற்றிவிட்டது. நீ எப்படி ஊட்டினாய்? என்ன சொல்லி ஊட்டினாய்? ஒன்று விடாமல் எழுது. பெற்றவள் கேட்கிறேன், உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பேச்சி


பாளையங்கோட்டை
19-5-1946

பேச்சி,

கார்டில் இடம் இல்லை, விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

சோற்றைக் குழைய வடித்து, பருப்புத் தண்ணீர் விட்டு, உப்பை ஒரு கல் குறைத்துப் போடு. கிண்ணத்தில் போட்டால் தொட மாட்டாள், உன் உள்ளங்கையில் வை. நின்றுகொண்டு ஊட்டாதே, தரையில் அவளுக்குச் சமமாக உட்கார். கெஞ்சாதே. முதல் வாய்க்கு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள், அவளே எடுத்துத் தின்பாள்.

அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை "அம்மா எங்க?" என்று கேட்க வேண்டும். அவள் விரலால் தொட்டுக் காட்டுவாள். காட்டினால்தான் அடுத்த வாய். அதுதான் விளையாட்டு. நான் அப்படித்தான் ஊட்டினேன்.

நீயும் கேள். முதலில் ரோட்டைக் காட்டுவாள். அந்த நாட்களில் எனக்குக் கடிதம் போடாதே. உன்னைத் தொட்டுக் காட்டுகிற அன்றைக்கு எழுது.

சண்முகம்